‘அரக்கர்களின் காலம்’ என்று கிராம்சி எழுதினாரா?

22 ஜனவரி 2024 — ஈப்போ வாசகர் ஒருவரின் கேள்வி

காலையிலிருந்து மூன்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே படம் சுற்றுகிறது. மூக்குக் கண்ணாடி, பரட்டைத் தலை. கீழே, “பழைய உலகம் செத்துக்கொண்டிருக்கிறது, புதிய உலகம் பிறக்கத் திணறுகிறது, இது அரக்கர்களின் காலம் – கிராம்சி.” எந்தப் புத்தகத்தில் எழுதினார்? இன்னொன்று, இவர் கம்யூனிஸ்ட்டா, பண்பாட்டு ஆய்வாளரா? என் மகளின் பல்கலைக்கழகப் பாடத்தில் இரண்டாவதாகத்தான் வருகிறார்.

22 ஜனவரி, இரவு 10 மணி

அரக்கர் இல்லை. முதல் இரண்டு வரி ஏறக்குறைய சரி. மூன்றாவது வரியில் அந்தோனியோ கிராம்சி எழுதியது நோய்க்குறிகள். பழையது சாகிறது, புதியது பிறக்க முடியவில்லை, இந்த இடைவெளியில் பலவகை நோய்க்குறிகள் தோன்றுகின்றன. அவ்வளவுதான். முசோலினியின் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நோட்டுகளைச் ‘சிறைக் குறிப்பேடுகள்’ என்பார்கள். அதில் மூன்றாவது நோட்டு, 34-ஆம் குறிப்பு, 1930. பிற்பாடு யாரோ தளர்வாக மொழிபெயர்த்ததில் நோய் அரக்கனாகிவிட்டது. போஸ்டருக்கு அரக்கன்தான் எடுப்பாக இருப்பான், சளி காய்ச்சலை யார் பகிர்வார்கள்?

22 ஜனவரி, 11.30

படுக்கப் போனவன் திரும்பி வந்தேன். அந்தக் குறிப்பின் முன்பாதியை விட்டுவிட்டால் பின்பாதிக்கு அர்த்தமே இல்லை. ஆளும் வர்க்கம் மக்களின் இசைவை இழந்துவிட்டால் அது வழிநடத்துகிற வர்க்கமாக இருக்காது, வெறுமனே அடக்குகிற வர்க்கமாகிவிடும், கையில் தடி மட்டும் மிஞ்சும் என்கிறார். ஜனங்கள் பழைய நம்பிக்கைகளை விட்டு விலகிவிட்டார்கள், புதிதாக எதையும் பற்றிக்கொள்ளவில்லை. அந்த நிலையைத்தான் நோய் என்கிறார். படத்தைப் பார்த்தால் ஏதோ தீர்க்கதரிசி சாபம் விட்டது போல இருக்கிறது.

24 ஜனவரி

இரண்டாம் கேள்விக்கு. தைப்பூச வாரம், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர்ப் பந்தல் வேலை, நிதானமாக உட்கார முடியவில்லை. சுருக்கமாக.

1891 ஜனவரி 22-இல் சார்டினியா தீவில் ஆலெஸ் என்ற ஊரில் பிறந்தார். (அதனால்தான் அன்றைக்குப் படம் சுற்றியது.) 1911-இல் உதவித்தொகைத் தேர்வு எழுதி டூரின் பல்கலைக்கழகம் போனார். மாதம் 70 லிரா. படித்தது மொழியியல். 1919 மே 1-இல் நண்பர்களோடு ‘புதிய ஒழுங்கு’ என்று பொருள்படும் பெயரில் வாரப் பத்திரிகை தொடங்கினார். டூரினில் ஆலைத் தொழிலாளர் குழுக்கள் எழுந்தபோது அவற்றுக்குக் குரல் கொடுத்த பத்திரிகை அது. 1921 ஜனவரி 21-இல் லிவோர்னோவில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தபோது உள்ளே இருந்தவர், 1924-இல் நாடாளுமன்ற உறுப்பினர், அப்புறம் கட்சித் தலைமை. 1926 நவம்பர் 8-இல் முசோலினியின் போலீஸ் பிடித்தது. உறுப்பினருக்குள்ள பாதுகாப்பெல்லாம் செல்லவில்லை. 1928-இல் தீர்ப்பு: 20 ஆண்டு, 4 மாதம், 5 நாள்.

பண்பாட்டு ஆய்வாளருக்கு யாரும் இருபது வருடம் போட மாட்டார்கள். ஈப்போ நண்பரின் மகளிடம் இதைச் சொல்லவும்.

27 ஜனவரி

பினாங்கிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “புத்தி அவநம்பிக்கை கொள்ளட்டும், மனவுறுதி நம்பிக்கை கொள்ளட்டும்” என்பதாவது அவர் சொன்னதா?

சொன்னார். ஆனால் சொந்தச் சரக்கு இல்லை, பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்தின் வாசகம். கிராம்சி 1920 வாக்கிலேயே தன் பத்திரிகையில் அதை எடுத்தாண்டிருக்கிறார். 1929 டிசம்பரில் தம்பி கார்லோவுக்கு எழுதிய கடிதத்தில் தன்னைப் பற்றியே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். ‘நிறுவனங்களின் ஊடாக நீண்ட பயணம்’ என்பதும் இவருடையது இல்லை, 1960-களில் ரூடி டுட்ஷ்கே என்ற ஜெர்மன் மாணவர் தலைவர் சொன்னது. வள்ளுவருக்கும் விவேகானந்தருக்கும் நாம் செய்வதை உலகம் கிராம்சிக்குச் செய்கிறது.

3 பிப்ரவரி

‘ஹெஜிமனி’ (கீழே இருப்பவர்களின் இசைவோடு ஆளுவது, கிராம்சியின் முக்கியச் சொல்) என்பதற்குத் தமிழில் என்ன என்று பட்டர்வொர்த் தம்பி கேட்டிருந்தார். மேலாண்மை என்று எழுதுகிறார்கள், மேலாதிக்கம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் எனக்கு உறுத்துகிறது. மேலாண்மை இப்போது மேனேஜ்மெண்ட் ஆகிவிட்டது. ‘கிராம்சியின் மேலாண்மைக் கோட்பாடு’ என்றால் எம்பிஏ பிள்ளைகள்தான் வாங்குவார்கள். மேலாதிக்கம் என்றால் அமெரிக்கா ஈராக்கில் செய்தது நினைவுக்கு வரும், தடிதான் கண்ணில் படும். அவர் பிரித்துக்காட்டியதே தடி வேறு, இது வேறு என்றுதான். கீழே இருப்பவன் தானாகத் தலையாட்டுகிறானே, அது எப்படி நடக்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

என் வீட்டு உதாரணம் ஒன்று. தாத்தா பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். 1978-இல் செந்தூலில் எங்களோடு வந்து சேர்ந்தார். 1981-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துப் பழைய கிராணியார், அதாவது ஆபீஸில் கணக்கெழுதியவர், எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரும் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, சட்டைக் காலர் நைந்துபோயிருந்தது, பேருந்தில்தான் வந்தார். தாத்தா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் காப்பி குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். “உட்காரு” என்று அவரே இரண்டு முறை சொன்னார். “இருக்கட்டுங்க கிராணியாரே.” எனக்கு 19 வயது, பற்றிக்கொண்டு வந்தது. தோட்டமும் இல்லை, துரையும் இல்லை, செக்ரோலில் (கூலிப் பதிவேட்டில்) பேரை வெட்ட அந்த ஆளால் இனி முடியாது. பின்னே எதற்கு நிற்கிறார்?

நாலைந்து வருடம் கழித்து கிராம்சியின் ஆங்கிலத் தேர்வு நூல் ஒன்றை ஒரு நண்பர் நகலெடுத்துக் கொடுத்தார். படித்ததும் தோன்றியது: தாத்தா நின்றது இதுதான்.

4 பிப்ரவரி

நகல் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் புத்தகம் வீட்டில் இருந்தாலே அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் 1960-இல் முடிந்துவிட்டது, பயம் முடியவில்லை. பழைய நாளிதழைப் போட்டு அட்டை கட்டி மேலே ‘கணக்கு’ என்று எழுதி வைத்திருந்தேன்.

கிராம்சியும் இதைத்தான் செய்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. தெற்கு இத்தாலியில் அவர் இருந்த தூரி சிறையில் ஒவ்வொரு நோட்டிலும் சிறை முத்திரை விழும். அதனால் மார்க்சியம் என்று எழுதாமல் ‘நடைமுறைத் தத்துவம்’ என்று எழுதுவார். லெனின் ‘இலிச்’ ஆகிவிடுவார், டிராட்ஸ்கி ‘பிரான்ஸ்டைன்’. ஆனால் நடைமுறைத் தத்துவம் வெறும் முகமூடி இல்லை. அந்தப் பெயர் இத்தாலியில் அவருக்கு முன்பே லாப்ரியோலா என்ற மார்க்சியத் தத்துவ ஆசிரியர் சொன்னது, கிராம்சிக்கு அதில் மெய்யான பிடிப்பும் இருந்தது. என் ‘கணக்கு’ வெறும் முகமூடிதான்.

11 பிப்ரவரி

சரி, வசமாக மாட்டிக்கொண்டேன்.

அத்தைக்கு 84 வயது, கிள்ளானில் இருக்கிறார். பேத்தி என் 3-ஆம் தேதிக் குறிப்பை வாசித்துக் காட்டியிருக்கிறாள். நேற்று சீனப் பெருநாளுக்காக மகன் வீட்டில் எல்லாரும் இருந்த நேரம் பார்த்துப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து வாங்கினார்.

“ஏன்டா, உங்க தாத்தா பயந்துகிட்டா நின்னாரு? அந்தக் கிராணி இல்லன்னா நமக்கு ஐசி ஏது? லயத்துல பாதிப் பேருக்கு அவருதான் பாரம் எழுதினாரு. காசு வாங்கல.” (ஐசி என்றால் அடையாள அட்டை, பாரம் என்றால் மனுப் படிவம், லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்.)

சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமை மனு போடும் காலத்தில், மாலையில் ஆபீஸ் பூட்டிய பிறகு கிராணியார் லயத்துக்கு வந்து பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் உட்கார்ந்து எழுதுவாராம். பிறப்புப் பத்திரம் இல்லாதவனுக்கு யாரைச் சாட்சி வைப்பது, எந்த வருடம் பிறந்ததாகச் சொல்வது, எல்லாம் அவர் மண்டையில் இருந்ததாம். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவனுக்குப் பர்மிட் வேண்டும் என்றபோது பக்கத்துத் தோட்டங்களில் மூட்டை கட்டிக் கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். எங்கள் குடும்பம் தப்பியது. இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, எனக்குத்தான் கோட்பாடு கிடைத்துவிட்டதே.

11 பிப்ரவரி, இரவு

நியாயமாகச் சொன்னால் இது கிராம்சிக்கு விரோதமும் இல்லை. இசைவு சும்மா கிடைக்காது, மேலே இருப்பவன் எதையாவது கொடுத்துத்தான் வாங்குகிறான், கீழே இருப்பவனின் நலனை ஓரளவு கணக்கில் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். நான்தான் அந்தப் பாதியை விட்டுவிட்டு, தாத்தாவை மூளைச்சலவை செய்யப்பட்டவர் போல எழுதிவிட்டேன். இந்தத் தப்பு என்னுடையது மட்டுமில்லை, அவரை மேற்கோள் காட்டுபவர்களில் பலரிடமும் பார்க்கிறேன்.

கொடுத்தவர் யார் என்பதில் மட்டும் ஒரு முடிச்சு. கிராணியார் கொடுத்தது அவர் சொந்த மாலைப்பொழுது, தோட்டத்துச் சொத்து இல்லை. நன்றி மட்டும் தோட்டத்தின் கணக்கில் வரவாகிவிட்டது.

12 பிப்ரவரி

“கடைசி வரி ரொம்ப சினிமா” என்று பட்டர்வொர்த் தம்பி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுக்க மாட்டேன்.

18 பிப்ரவரி

அத்தையை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்புறம் வியாக்கியானம்.

மரத்திலும் மங்கிலும் (பால் வடியும் கிண்ணம்) ஒட்டி உறைந்து கிடக்கும் பாலைச் சுரண்டி எடுத்து வருவார்கள், ஒட்டுப்பால், கட்டிப்பால். திரவப் பாலில் மிதவைக் கோலை விட்டுப் பார்த்தால் தண்ணீர் கலந்தது தெரிந்துவிடும். ஒட்டுப்பாலுக்கு அந்தச் சோதனை இல்லை, தராசுதான். அதனால் சாக்கில் கட்டியதை வழியில் கால்வாயில் ஒரு முக்கு முக்கிவிட்டு வந்து நிறுப்பது. கொஞ்சம் பட்டையும் மண்ணும் ஒட்டியிருந்தால் பாதகமில்லை. தாத்தா இதில் பெரிய கைகாரராம். கிராணியார் தராசுப் பக்கம் வரும்போது துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார், பேச்சு கொடுப்பார், “வீட்டுல அம்மா சுகங்களா” என்று விசாரிப்பார், அத்தை பின்னால் ஈரச் சாக்கைத் தூக்கித் தட்டில் வைப்பார். அத்தைக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது.

“அவருக்குத் தெரியாதா அத்தை?”

“தெரியும். தண்ணி சொட்டுமில்ல? பாத்துட்டுப் பேசாம ஒரு கட்டி கழிச்சுகிட்டு எழுதுவாரு.” (ஒரு கட்டி அறுநூறு கிராம், இளையவர்களுக்காக.)

லயத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஓணான்’.

18 பிப்ரவரி, தொடர்ச்சி

வியாக்கியானம். 11-ஆவது நோட்டில் கிராம்சி ஒரு இடத்தில் சொல்கிறார்: உழைக்கிற சாதாரண மனிதனுக்கு ஏறக்குறைய இரண்டு உணர்வுகள் உண்டு என்று சொல்லலாம். ஒன்று அவன் செய்யும் காரியத்துக்குள்ளேயே இருக்கிறது, கூட வேலை செய்பவர்களோடு அவனைச் சேர்ப்பது. இன்னொன்று வாயளவில் இருக்கிறது, முன்னோரிடமிருந்து கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. தாத்தாவின் துண்டு ஒன்று, ஈரச் சாக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே சனிக்கிழமை, ஒரே தராசு முன்னால்.

12-ஆவது நோட்டில் இன்னும் கிட்டத்தில் வருகிறார். குடியானவனுக்குப் படித்தவர்கள்மேல், அதாவது பாதிரி, வக்கீல், பள்ளிக்கூடத்து வாத்தியார், சர்க்கார் உத்தியோகஸ்தர் மேல் இருப்பது இரட்டை மனம். மரியாதை காட்டுவான், சில சமயம் இளப்பமாகவும் பேசுவான், அந்த மரியாதையிலேயே பொறாமையும் ஆத்திரமும் கலந்திருக்கும். ‘கிராணியாரே’யும் ‘ஓணா’னும். தெற்கு இத்தாலியை வைத்து எழுதியவருக்கு எங்கள் லயம் எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன்.

தெரிந்ததற்குக் காரணம் உண்டு. கிராம்சி கிராணி மகன்.

25 பிப்ரவரி

அந்த வரியை விளக்கச் சொல்லி மூன்று பேர். அப்பா பிரான்செஸ்கோ, கிலார்சா என்ற ஊரில் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு தேர்தலில் தோற்ற கட்சியின் பக்கம் நின்றார், கணக்கு வழக்கில் குறை கண்டுபிடித்து 1898-இல் உள்ளே போட்டார்கள், 1904 வரை சிறை. வீட்டில் ஏழு பிள்ளைகள், அம்மா தையல் வேலை செய்து காப்பாற்றினார். அந்தோனியோவுக்குச் சின்ன வயதிலேயே முதுகெலும்பில் நோய் வந்து கூன் விழுந்துவிட்டது. ஒருமுறை பிள்ளை பிழைக்காது என்று வைத்தியர்கள் கைவிட, அம்மா சின்னச் சவப்பெட்டியும் சாவு உடுப்பும் வாங்கிவிட்டார். பிள்ளை பிழைத்தது, பெட்டி 1914 வரைக்கும் வீட்டிலேயே கிடந்தது.

பதினொரு வயதில் படிப்பு நின்று அரசு அலுவலகத்தில் எடுபிடி வேலை. நாளுக்குப் பத்து மணி நேரம், ஞாயிறு காலையும் உண்டு, கூலி 9 லிரா. வேலை என்னவென்றால் பதிவேடுகளைத் தூக்கி வைப்பது. தன்னைவிட எடை கூடின பதிவேடுகள், இரவில் உடம்பெல்லாம் வலித்து யாருக்கும் தெரியாமல் அழுவேன் என்று 1932-இல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார்.

அந்த மாதிரிப் பதிவேடு நானும் தூக்கியிருக்கிறேன். தோல் முதுகு, இரும்பு மூலை, தூக்கினால் விலாவில் குத்தும். ஒரு லாரிக் கம்பெனியில் 27 வருடம் கணக்கெழுதினேன். டிரைவர்கள் சம்பளநாளில் என் மேசை முன்னால் நிற்பார்கள், நாற்காலி இருக்கும், உட்கார மாட்டார்கள். ஓவர்டைம் கணக்கில் எனக்குத் தெரிந்தே ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறையும், முதலாளி அப்படிப் போடச் சொன்னார், போட்டேன். 1981-இல் அந்தக் காலர் நைந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்தைப் பற்றி இப்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது. இதற்குமேல் இங்கே எழுத விரும்பவில்லை.

2 மார்ச்

‘சபால்டர்ன்’ (ஆளப்படும் மக்களுக்குக் கிராம்சி வைத்த பெயர்) என்பதற்கு விளிம்புநிலை மக்கள் என்று போடுவதைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் சுருக்கமாக. தோட்டத்துச் சனம் விளிம்பில் இல்லை. இந்த நாட்டு ஏற்றுமதியே அவர்கள் தலைமேல்தான் நின்றது. நடுவில் இருந்தார்கள், அடியில் இருந்தார்கள். அடித்தள மக்கள் என்பதே சரி.

‘காமன் சென்ஸ்’ பொதுப்புத்தி என்றாகிவிட்டது, நல்ல சொல். ஒரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் அது பாராட்டு, கிராம்சியிடம் அப்படி இல்லை. பல காலத்து நம்பிக்கைகள் படிந்து படிந்து குழம்பிக் கிடக்கும் மண்டி அது. அந்த மண்டிக்குள்ளேயே தெளிந்த பகுதியும் உண்டு, அதை நற்புத்தி என்று தனியாகச் சொல்கிறார். ஒட்டுப்பாலை எப்போது நனைக்க வேண்டும் என்று தெரிந்தது நற்புத்தியில் சேருமா? சேர்ப்பேன்.

3 மார்ச்

“1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி இங்கே பொதுப்புத்தியை உடைத்தார், உங்கள் கிராம்சி அதே வருடம் நோட்டில் எழுதத்தான் தொடங்கினார்” என்று ஒருவர். அடேயப்பா. ஒருவர் மேடையில், ஒருவர் கொட்டடியில். நோட்டு தொடங்கிய தேதி 1929 பிப்ரவரி 8, அதற்கு முன் எழுத அனுமதியே இல்லை. ஒப்பிட வேண்டுமென்றால் வேறு இடத்தில் ஒப்பிடலாம். மூடநம்பிக்கையைக் கேலி செய்து விரட்டலாம் என்பதில் கிராம்சிக்கு நம்பிக்கை குறைவு. அது ஏன் நிற்கிறது, எந்தத் தேவையைத் தீர்க்கிறது என்று பார்க்கச் சொல்வார். எங்கள் லயத்து முனியாண்டி சாமி கேலிக்கெல்லாம் அசையவில்லை. லயத்தை இடித்த பிறகுதான் போனார், அதுவும் பக்கத்து வீடமைப்புத் திட்டத்து வாசலுக்கு.

16 மார்ச்

“எல்லாம் இசைவு, இசைவு என்கிறீர்களே, நம்மவர்கள் எதிர்த்ததே இல்லையா” என்ற கேள்விக்கு: 1941, கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தங்கள். தமிழ் நேசன் நாளிதழில் வேலை பார்த்த ஆர்.எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைகளைப் பார்த்தால் கூலி மட்டும் இல்லை. கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் வாலாட்டாதே, பள்ளிக்கூடம் ஒழுங்காக வை, அப்புறம் ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பதை ஒழி.

இந்தச் சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும். சம்பளத்துக்கும் அதற்கும் ஒரு காசு சம்பந்தம் கிடையாது. நாதனை மே மாதம் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள், பட்டாளம் வந்தது, சுட்டது.

ஒரு வர்க்கம் எழும்போது தன் நடுவிலிருந்தே தன் அறிவாளிகளை உண்டாக்கும் என்கிறார் கிராம்சி. ‘அங்கக அறிவாளி’ என்று மொழிபெயர்க்கிறார்கள், உரக்கடை வாடை அடிக்கிறது. ‘வேர்விட்ட அறிவாளி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். நாதன் அப்படிப்பட்டவரா, வெளியிலிருந்து வந்தவரா என்று வாதிடலாம். நிறையப் படித்தவர் என்பதால் யாரும் வேர்விட்டவர் ஆவதில்லை, யாருடைய வேலையை ஒழுங்குபடுத்தித் தருகிறார் என்பதே கேள்வி. அப்படிப் பார்த்தால் கிராணியார் எந்தப் பக்கம்? காலையில் செக்ரோல், மாலையில் பெட்ரோமாக்ஸ். எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

தாத்தாவுக்கு 1941-இல் 23 வயது. கேட்டால், “அப்ப எனக்குக் காய்ச்சல்” என்பார். எப்போது கேட்டாலும் காய்ச்சல்தான்.

7 ஏப்ரல்

இலக்கியத்துக்கு வருவோம், மூன்று வாரமாகத் தத்துவம் பேசி எனக்கே வறட்சி தட்டுகிறது.

நோட்டுகளைவிடக் கடிதங்களைத்தான் நான் அடிக்கடி எடுப்பேன். பெரும்பாலும் மனைவியின் அக்கா தத்தியானாவுக்கு எழுதியவை. மனைவி ஜூலியா மாஸ்கோவில், இரண்டு பையன்கள் அவரோடு. சின்னவன் ஜூலியானோவை அவர் பார்த்ததே இல்லை. சிறைக்கு வெளியிலிருந்து நூல்கள் வந்துகொண்டிருந்தது பியரோ ஸ்ராஃபா என்ற பொருளாதார அறிஞரின் தயவு, மிலான் புத்தகக் கடையில் இவர் பேரில் கணக்குத் திறந்து வைத்திருந்தார்.

1929 ஏப்ரல் 22 கடிதம். சிறை முற்றத்தில் கொஞ்சம் இடம், ரோஜாச் செடி ஒன்று, விதைகள் சில. ரோஜா வெயிலில் வாடிவிட்டது. விதைகளோ முளைக்க நாளாக்குகின்றன. தினமும் அவற்றைக் கொஞ்சம் இழுத்து வளர உதவலாமா என்று கை பரபரக்கிறதாம். ரூசோ சொன்னபடி இயற்கையை அதன் போக்கில் விடுவதா, மனித உறுதியைக் கொண்டு உந்துவதா என்று தீர்மானிக்க முடியவில்லை என்கிறார். அத்தனை கனமான விவாதமும் ஒரு சாண் முளையின் மேல்.

என் பால்கனியில் கறிவேப்பிலைக் கன்று இருக்கிறது. பதினான்காவது மாடி, மத்தியான வெயில் நேரே அடிக்கும். எட்டு மாதமாக மூன்று ஈர்க்கு. நான் இழுத்துப் பார்த்தேன், ஒன்று கையோடு வந்துவிட்டது. இப்போது இரண்டு.

27 ஏப்ரல்

இன்று நினைவு நாள். 1937 ஏப்ரல் 27, ரோமில் ஒரு மருத்துவமனையில், மூளையில் ரத்தக்கசிவு, 46 வயது. நோட்டுகள் 33. அதில் நான்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி, கிரிம் சகோதரர்களின் கதைகள்கூட உண்டு. தத்தியானா எண் போட்டுப் பத்திரப்படுத்தி மாஸ்கோவுக்கு அனுப்பி வைத்தார். 1947-இல் கடிதங்கள் அச்சில் வந்தன, அடுத்த வருடத்திலிருந்து நோட்டுகள் தலைப்புவாரியாக, 1975-இல்தான் அவர் எழுதிய வரிசைப்படி முழுப் பதிப்பு.

தலைப்புவாரிப் பதிப்பைப் படித்தவர்களுக்கு அவர் ஒழுங்காக நூல் எழுதியவர் என்ற எண்ணம் வரும். வரிசைப்படி பார்த்தால்தான் தெரிகிறது: ஒரு குறிப்பு எழுதுவார், ஆறு மாதம் கழித்து அதையே திருத்தி வேறு நோட்டில் எழுதுவார், பழையதன்மேல் கோடு போடுவார், ஆனால் படிக்க முடிகிற மாதிரி. இந்தப் பக்கத்தில் நான் செய்வதும் அதுதான் என்று சொல்ல ஆசை, பட்டர்வொர்த் தம்பி விடமாட்டார்.

4 மே

பேத்தியை அழைத்துக்கொண்டு புடுவில் அந்தப் புது மாலுக்குப் போனேன். ஐஸ்கிரீம் கேட்டாள். புடு சிறையின் பழைய வாசல் வளைவை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். 1949 மே 4-இல் இங்கேதான் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள், இன்றோடு 75 வருடம். கிராம்சிக்குச் சிறையில் நோட்டு கிடைத்தது. கணபதியைப் பிடித்தது மார்ச்சில், இரண்டு மாதத்தில் முடித்துவிட்டார்கள்.

பேத்தி வளைவின்கீழ் நின்று படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

12 மே

அத்தை மறுபடி போன். 27-ஆம் தேதிக் குறிப்பைக் கேட்டுவிட்டு, “அந்த ஆளோட அம்மா என்னாச்சு? பெட்டி வாங்கி வெச்சாங்களே” என்றார்.

சொன்னேன். அம்மா 1932 டிசம்பர் 30-இல் இறந்துவிட்டார். சிறையில் நோயோடு இருக்கும் மகன் தாங்கமாட்டான் என்று வீட்டார் சொல்லவில்லை. 1934-இலும் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “கிராணி செத்ததை உங்க தாத்தாகிட்ட நாங்க சொல்லல, தெரியுமா?”

தெரியாது. 1988-இல் இறந்திருக்கிறார், தாத்தா போவதற்கு ஒரு வருடம் முன்னால். சொன்னால் சாவுக்குப் போயே தீருவேன் என்று நிற்பார், அப்போது கால் வீங்கியிருந்தது, செருப்பே நுழையாது. அதனால் மறைத்துவிட்டார்கள். அந்த வருடத் தீபாவளிக்கும் தாத்தா பலகாரப் பொட்டலம் ஒன்றைத் தனியாக எடுத்துவைத்து, கிராணியார் வந்தால் கொடு என்று அத்தையிடம் சொன்னாராம்.

“என்ன செய்தீங்க அத்தை?”

“ரெண்டு நாள் வெச்சிருந்தேன். அப்புறம் நாங்களே தின்னுட்டோம்.”

13 மே

ஈப்போ நண்பர் கேட்கிறார்: பிப்ரவரி 25 குறிப்பில் 9 லிரா என்றது நாளுக்கா, மாதத்துக்கா? தெளிவாக எழுதாதது என் பிசகு. மாதத்துக்கு. நாளுக்கு ஒரு கிலோ ரொட்டி வரும் என்று அவரே அதே கடிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்.